ஒரு சி, இரண்டு டி, அதற்கு மேலே ஒரு பட்டம்

ஒவ்வோர் இலையுதிர் காலத்திலும் லீட்ஸ் நகரத்தில் சட்டம் படிக்கும் பிள்ளைகளுக்காக ஒரு வேலைவாய்ப்புச் சந்தை நடக்கும். பாரிஸ்டர்கள் சேர்ந்து நடத்தும் எங்கள் சேம்பரின் சார்பில் அங்கே மேஜை போட்டு உட்கார்வது என் தலையெழுத்து. இலவசப் பேனாவை அள்ளிக்கொண்டு ஓடுகிறவர்கள் போக, நின்று பேசுகிறவர்கள் எல்லாரும் குரலைத் தாழ்த்திக்கொண்டு ஒரே கேள்வியைத்தான் கேட்பார்கள். ஸ்கூல் பரீட்சையில் மார்க் போய்விட்டது, மேலே ஒரு மாஸ்டர்ஸ் வாங்கிவிட்டால் பாரிஸ்டர் ஆகிவிட முடியுமா? வெளியே சொல்லக்கூடாத வியாதிக்கு மருந்து கேட்பதுபோல் கேட்பார்கள். எனக்குப் பொறுமை கொஞ்சம் குறைவு. பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் லோர்னா பிளென்கினைக் கை காட்டி, இவளைக் கேளுங்கள் என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விடுவேன்.

லோர்னா ஹல் ஊர்க்காரி. அவளுடைய அப்பா கிளிஃப், வீடு வீடாகப் போய் கார்ப்பெட் போடுகிறவர். அம்மாவுக்கு மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் வேலை. வீட்டில் அடிதடி கிடையாது, பசி பட்டினி கிடையாது, யாருக்கும் தீராத நோய் கிடையாது. இதை முதலிலேயே சொல்லிவைக்கிறேன், ஏனென்றால் பின்னால் ஆளாளுக்கு இதைத்தான் தோண்டினார்கள். பதினேழு வயதில் அவள் மூன்று பெண்கள் சேர்ந்த ஒரு குழுவில் டிரம்ஸ் அடித்தாள். படிப்பு மூட்டை கட்டி வைக்கப்பட்டது. பரீட்சைக்கு முந்தின வாரம்கூட பிரிட்லிங்டனில் ஒரு மதுக்கடையில் வாசித்துக்கொண்டிருந்தாள். ஸ்கூலின் கடைசிப் பரீட்சையான ஏ லெவல் முடிவு வந்தபோது ஒரு சி, இரண்டு டி. அந்தக் குழுவின் பாட்டை நான் கேட்டிருக்கிறேன். அதற்கு அந்த மார்க்கே அதிகம்.

சட்டத்துக்கு அவளைக் கொண்டுவந்ததும் அந்த டிரம்ஸ்தான். இரைச்சல் தாங்காமல் அக்கம்பக்கத்தார் புகார் கொடுக்க, நகரசபை டிரம்ஸைத் தூக்கிக்கொண்டு போனது. வக்கீல் வைக்காமல் தானே மாஜிஸ்திரேட் முன்னால் நின்று அரைமணி நேரம் வாதாடினாள். நன்றாகப் பேசினாய், ஆனால் டிரம்ஸ் கிடைக்காது என்றார் மாஜிஸ்திரேட். வெளியே வந்த லோர்னாவுக்கு டிரம்ஸ் போன வருத்தமே இல்லையாம். திரும்ப அந்த இடத்தில் நிற்க வேண்டும், அவ்வளவுதான் மனதில் இருந்தது.

அந்த மார்க்குக்கு இடம் கொடுத்த ஒரு சின்னப் பல்கலைக்கழகத்தில் சட்டம் படித்தாள். நன்றாகவே படித்தாள். பிறகு பாரிஸ்டர் படிப்பு. அதற்கு லண்டனில் எங்கள் பாரிஸ்டர் சங்கத்து மண்டபத்தில் விருந்து சாப்பிட வேண்டும், அங்கிகூட மாட்டிக்கொண்டு, நீள மேஜையில், சீனியர்கள் நடுவில். முதல் விருந்தில் உட்கார்ந்ததும் பக்கத்துக் கிழவர் ஒருவரிடம், "லோர்னா பிளென்கின்" என்று சொல்லிக் கையை நீட்டினாள். அவள் ஊரில் அதுதான் மரியாதை. மேஜை மொத்தமும் சிரித்துவிட்டது. கிழவர் மட்டும் நல்லவிதமாகச் சொன்னார். "பாரிஸ்டருங்க தங்களுக்குள்ள கை குடுத்துக்கறது இல்லம்மா. கையில கத்தி இல்லன்னு காட்டத்தானே கை குடுக்கறது? நமக்குள்ள அந்தச் சந்தேகம் எதுக்கு?" லோர்னா கையை இழுத்துக்கொண்டு சூப்பைக் குடித்தாள். காது சிவந்துபோனது என்று இன்றைக்கும் சொல்வாள்.

பாரிஸ்டர் பட்டம் வாங்கினால் போதாது. ஏதாவது ஒரு சேம்பர் ஒரு வருஷம் பயிற்சிக்கு எடுத்துக்கொள்ள வேண்டும். ஐந்து வருஷத்துக்குள் அந்த இடம் கிடைக்காவிட்டால் வாங்கின பட்டம் ஊசிப்போய்விடும். ஓர் இடத்துக்கு நூறு பேர் முண்டுவார்கள். முதல் இரண்டு வருஷம் லோர்னாவை நேர்முகத்துக்குக்கூட ஒருவரும் கூப்பிடவில்லை. விண்ணப்பத்தில் ஏ லெவல் மார்க்குக்கென்று ஒரு கட்டம் உண்டு. பார்க்கிறவர் கண் அங்கே போகும், அடுத்த விண்ணப்பத்துக்குத் தாவிவிடும். அந்தக் கட்டத்துக்குக் கீழே இன்னொரு கட்டம்: உங்கள் மார்க்கைப் பாதித்த சூழ்நிலை ஏதாவது உண்டா? அதை அவள் காலியாகவே விட்டாள்.

கிளிஃபுக்கு அது பொறுக்கவில்லை. மகள் வீட்டுவசதி ஆலோசனை மையத்தில் வேலை பார்த்துக்கொண்டே இப்படி அலைவதைப் பார்த்து அவருக்கு வயிறு எரிந்தது.

"பாலின் அத்தை செத்துட்டான்னு எழுதிப் போடு. பரீட்சை அன்னிக்குன்னு போடு."

"அத்தை உயிரோட இருக்காங்கப்பா. நேத்துதான் பிங்கோ ஆட்டத்துல ஜெயிச்சாங்க."

"அவகிட்ட யாரு போய்க் கேக்கப்போறா? கேட்டாலும் அவ ஒண்ணும் நெனச்சுக்க மாட்டா."

அத்தையைக் கொல்ல லோர்னா சம்மதிக்கவில்லை. அதற்குப் பதிலாக, அவளோடு படித்தவர்கள் எல்லாரும் சொன்ன வைத்தியத்தைச் செய்தாள். இரண்டாவது வருஷத்திலேயே பெரிய பேர் உள்ள பழைய பல்கலைக்கழகம் ஒன்றில் மாஸ்டர்ஸ் சேர்ந்தாள். அந்த ஒரு வருஷம் நாய் படாத பாடு. பகலில் வேலை, சாயங்காலம் வகுப்பு, சனி ஞாயிறு நூலகம். வாடகைக்கு இருப்பவர்களை வெளியேற்றும் சட்டம் பற்றி ஆய்வு எழுதினாள். உச்சத் தரத்தில் தேறினாள்.

இப்போது உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: பட்டம் வேலை செய்தது. அடுத்த வருஷமே மூன்று இடத்தில் நேர்முகத்துக்குக் கூப்பிட்டார்கள். அதற்கடுத்த வருஷம் எங்கள் சேம்பரும் கூப்பிட்டது. ஆனால் கதவு திறந்ததே தவிர, உள்ளே போனதும் ஒவ்வொரு இடத்திலும் அதே இடத்தில் வழுக்கி விழுந்தாள். எதற்கு மாஸ்டர்ஸ் படித்தீர்கள் என்று கேட்பார்கள். சட்டத்தின் மேல் தீராத ஆர்வம், ஆழமாகக் கற்கும் தாகம் என்று மனப்பாடமாக ஒப்பிப்பாள். அதைச் சொல்லும்போது அவள் முகத்தைப் பார்க்க வேண்டுமே! தொண்டையில் முள் சிக்கினவள்போல் இருக்கும். அந்த நிமிஷத்திலிருந்து அவள் சொல்லும் எதையும் யாரும் நம்ப மாட்டார்கள். முடிந்ததும் எழுந்து வந்து அன்பாகக் கை குலுக்குவார்கள். அடுத்த மாதம் வருத்தத்துடன் மின்னஞ்சல் வரும். அந்தக் கை குலுக்கலைப் பார்த்தாலே அவளுக்குச் சேதி தெரிந்துவிடும்.

எங்கள் சேம்பரின் தலைவர் ஹம்ஃப்ரி லிஸ்டர் இந்த விஷயத்தில் மன்னன். கட்சிக்காரர், போலீஸ்காரர், ஜன்னல் துடைக்கிறவர், யாராக இருந்தாலும் வாசல்வரை போய் இரண்டு கையாலும் பிடித்துக் குலுக்கி அனுப்புவார். பாரிஸ்டர்களுக்கு மட்டும் கிடையாது. நான் அவரோடு இருபத்தாறு வருஷமாக இருக்கிறேன், என் கல்யாணத்தில்கூடத் தலையைத்தான் ஆட்டினார். அந்த வருஷம் லோர்னாவையும் இரண்டு கையாலும் குலுக்கித்தான் அனுப்பினார்.

ஐந்தாவது வருஷம் வந்தது. அதுதான் கடைசி. எங்கள் சேம்பர் ஒன்றுதான் அவளை மறுபடி கூப்பிட்டது. அந்த அழைப்பும் சும்மா வரவில்லை. விண்ணப்பங்களைச் சலித்தபோது நதீம் பட் அவளுடையதை ஓரமாக ஒதுக்கி வைத்தான். நதீம் பிராட்ஃபோர்டு பையன், எங்களில் சின்னவன், கெட்டிக்காரன். அவன் அப்பாவும் அம்மாவும் கம்பளி ஆலையில் வேலை பார்த்தவர்கள். அவனுக்கு ஏ லெவலில் எல்லாமே ஏ.

"என் ஸ்கூல்லயும்தான் கூரை ஒழுகுச்சு," என்றான். "நான் படிக்கலையா? இந்தப் பொண்ணு காரணம்கூட ஒண்ணும் சொல்லல. மேல ஒரு பட்டத்தைப் போட்டு மூடிட்டா சரியாயிடுமா?"

அவன் சொன்னதில் நியாயம் இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் அவளுடைய ஆய்வுச் சுருக்கத்தை நான் படித்திருந்தேன். வீட்டைவிட்டுத் துரத்தப்படுகிறவரின் பக்கத்தில் நின்று பார்த்தவள் எழுத்து அது. கூப்பிடு, வந்தால் நீயே கேள் என்றேன். லிஸ்டர் எனக்காக ஓட்டுப் போட்டார், அல்லது சாப்பாட்டு நேரம் ஆகிவிட்டதால் போட்டார்.

கிளிஃப் தன் வேனில்தான் மகளைக் கூட்டிவந்தார். ரயிலை நம்ப முடியாது என்பது அவருடைய கட்சி. பின்னால் கார்ப்பெட் சுருள்கள், முன்னால் கருப்பு உடுப்பில் மகள். லீட்ஸில் உருளைக்கிழங்கு வறுவல் விற்கும் கடைக்காரனுக்கு, ஹல் ஊரில் அதன்மேல் தூவும் மசாலாத்தூள் என்றால் என்னவென்றே தெரியாது என்று ஒரு டப்பாவைப் பையில் போட்டுக்கொண்டு வந்திருந்தார். மகளைச் சேம்பர் வாசலில் இறக்கிவிட்டு, தெருமுனையில் வண்டியை நிறுத்திக் காத்திருந்தார்.

நேர்முகத்தில் முதலில் ஒரு வாதம் செய்யச் சொல்வோம். குற்றத்தை ஒப்புக்கொண்ட ஒருவனுக்குத் தண்டனையைக் குறைக்கச் சொல்லிக் கேட்க வேண்டும். வழக்கின் தாளைக் கொடுத்துப் பக்கத்து அறையில் கொஞ்ச நேரம் உட்காரவைப்போம். அந்த வருஷத்துத் தாளை எழுதியவர் லிஸ்டர். இருபது வயதுப் பையன் ஒருவன், அடுத்த வீட்டுக்காரர் கூண்டை உடைத்துப் பந்தயப் புறாக்களைத் திறந்துவிட்டான். பந்தயப் புறாவாச்சே, பெரும்பாலும் திரும்பி வந்துவிட்டன. சிலது வரவில்லை. தாளின் கடைசியில் அவன் தாய் இறந்துபோன செய்தி இருக்கும். அங்கேதான் லிஸ்டரின் குறும்பு. தேதிகளைச் சேர்த்துப் பார்த்தால் தாய் இறந்தது கூண்டை உடைத்த பிறகு.

காலையிலிருந்து வந்த அத்தனை பேரும் அந்தத் தாயைத்தான் பிடித்துக்கொண்டு அழுதார்கள். பாரிஸ்டர் ஆக ஆசைப்படுகிறவர்களின் கோளாறு அது. தண்டனையைக் குறைக்க வேண்டும் என்றால் காரணம் சொல்லியே ஆக வேண்டும், காரணம் சோகமாக இருந்தால் இன்னும் நல்லது என்று நினைத்துக்கொள்வார்கள். ஒரு பையன் குரல் தழுதழுக்கப் பேசினான். பெரிய பள்ளிக்கூடம், எல்லாப் பாடத்திலும் ஏ. தேதியைப் பார்க்கவே இல்லை.

நீதிபதியாக உட்கார்ந்திருந்தவள் நான். லோர்னா எழுந்து நின்றாள். பையன் செய்தது என்ன, எத்தனை புறா திரும்பவில்லை, அந்த அடுத்த வீட்டுக் கிழவருக்கு அவை எப்படிப்பட்டவை என்பதை மறைக்காமல் சொன்னாள். அதோடு நிறுத்தினாள். நான் வழக்கம்போல் தூண்டில் போட்டேன், அவன் தாயைப் பற்றி ஒன்றும் சொல்லப் போவதில்லையா என்று.

"அம்மா இறந்தது அதுக்கப்புறம், யுவர் ஹானர். அதை நான் காரணமா சொல்ல முடியாது."

"அப்போ என்னதான் காரணம்?"

"காரணம்னு ஒண்ணும் இல்ல, யுவர் ஹானர். கோபம், புத்தியில்லாத்தனம். அதை நான் வேற எப்படியும் சொல்லப்போறது இல்ல. ஆனா அதுக்கப்புறம் அவர் என்ன செஞ்சார்னு சொல்றேன்."

சொன்னாள். போலீஸ் வருமுன்னே அவன் போய் ஒப்புக்கொண்டது, கூண்டைத் தானே கட்டிக்கொடுத்தது, தாய் இறந்த வாரத்திலும் சனிக்கிழமை தவறாமல் அங்கே போய்க் கூண்டைக் கழுவிவிட்டது. எல்லாம் அந்தத் தாளிலேயே இருந்தது, காலையிலிருந்து ஒருவர் கண்ணிலும் படவில்லை. தாயின் சாவு அவள் வாதத்தில் வந்ததே அந்தச் சனிக்கிழமைக்காக மட்டும்தான். எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம் தாங்கவில்லை. முகத்தைக் கல்லாக வைத்துக்கொண்டேன்.

பிறகு கேள்வி நேரம். நதீம் சுற்றி வளைக்காமல் ஆரம்பித்தான். ஏ லெவலில் ஒரு சி, இரண்டு டி, அதற்கு மேல் மாஸ்டர்ஸில் உச்சத் தரம். எதற்கு அந்த மாஸ்டர்ஸ்?

"சட்டத்து மேல எனக்கு ரொம்ப நாளா இருக்கிற..." என்று தொடங்கினாள். போச்சுடா என்று நினைத்தேன். அதே முள், அதே தொண்டை.

நிறுத்திவிட்டாள். 

"மன்னிக்கணும். அது பொய். என் மார்க்கை மறைக்கத்தான் படிச்சேன். வேற எதுக்கும் இல்ல."

"மறைஞ்சுதா?" என்றான் நதீம்.

"இல்ல. நீங்க கேக்கறீங்களே."

லிஸ்டர் மூக்குக்குள் சிரித்தார். நதீம் சிரிக்கவில்லை. மார்க் குறைந்ததற்கு ஏதாவது காரணம் உண்டா என்று அடுத்ததாகக் கேட்டான். அவன் அவளுக்கு ஒரு வழி விடுகிறான் என்று எனக்குத் தோன்றியது.

"ஒண்ணும் இல்லங்க. வீட்ல எந்தக் கஷ்டமும் இல்ல. டிரம்ஸ் அடிச்சிட்டிருந்தேன், படிக்கல. என்னைவிடக் கஷ்டத்துல இருந்தவங்க எத்தனையோ பேர் படிச்சு நல்ல மார்க் வாங்கினாங்க, அதை நான் இல்லன்னு சொல்லல. மறைக்கத்தான் மாஸ்டர்ஸ் சேர்ந்தேன், ஆனா பாதி வழியில அது எனக்குப் பிடிச்சுப்போச்சு. உக்காந்து படிச்சா எனக்கு வரும்னு அப்பத்தான் எனக்கே தெரிஞ்சுது. பதினேழு வயசுல நான் எப்படி இருந்தேன்னு அந்த மார்க் சொல்லுது. அதுக்கப்புறம் என்ன செஞ்சேன்னு இது சொல்லுது. ரெண்டையும் வெச்சு நீங்களே பாத்துக்கங்க."

 நதீம் பேனாவை மூடி வைத்தான். இனி கேட்க ஒன்றும் இல்லை என்று சொன்னான்.

லிஸ்டர் எழுந்து வழக்கம்போல் வாசல்வரை கூடப் போனார். லோர்னா கையை நீட்டினாள். நான் பார்த்துக்கொண்டிருந்தேன். லிஸ்டர் அந்தக் கையைப் பார்த்தார். பிறகு தன் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, தலையை லேசாக ஆட்டிக் கதவைத் திறந்துவிட்டார். அந்தப் பெண்ணின் முகம் வெளுத்துவிட்டது. நீட்டின கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் பையின் வாரைப் பிடித்துக்கொண்டு படி இறங்கினாள்.

கதவு சாத்தினதும் நதீம் பிடித்துக்கொண்டான். "நாங்க இன்னும் வாயே திறக்கல, நீங்க பாட்டுக்கு முடிவு பண்ணிட்டீங்களா? முடிவு சொல்ற நாள் வரைக்கும் யாருக்கும் ஒரு கோடிகூடக் காட்டக்கூடாதுன்னு விதி இருக்கு."

எல்லாச் சேம்பரும் ஒரே நாளில்தான் முடிவு சொல்ல வேண்டும், அதற்குமுன் வாய் திறக்கக்கூடாது. விதி அப்படித்தான்.

"நான் ஒண்ணும் சொல்லலையே," என்றார் லிஸ்டர். "கை குடுக்கல, அவ்வளவுதான். அது ஒண்ணும் விதி மீறல் இல்ல. சரி, உனக்கு வேண்டாம்னா சொல்லு, ஓடிப்போய்க் குடுத்துட்டு வரேன்."

நதீம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். "குடுக்க வேண்டாம், விடுங்க," என்றான்.

இதற்குப் பிறகு நடந்தது லோர்னா எனக்குப் பின்னால் சொன்னது. அவள் வேனில் ஏறினாள். கிளிஃப் வறுவல் பொட்டலத்தைப் பிரித்து, டப்பாவிலிருந்து தூளைத் தூவி நீட்டினார். வேண்டாம் என்று தலையாட்டினாள். நகரத்தைத் தாண்டி நெடுஞ்சாலைக்கு வந்த பிறகுதான் எல்லாவற்றையும் சொன்னாள்: பொய் சொல்ல ஆரம்பித்து நிறுத்தியது, டிரம்ஸ், அந்தக் கறாரான ஆள், கடைசியில் நீட்டின கை. முடிந்தது அப்பா, இனி பட்டமும் போச்சு, திங்கட்கிழமை வழக்கம்போல் ஆலோசனை மையத்துக்குப் போகிறேன் என்றாள். அழவில்லை. அழுகை அந்தப் படிக்கட்டிலேயே தீர்ந்துவிட்டதாம்.

கிளிஃபுக்கு மற்றதெல்லாம் காதில் ஏறவில்லை. அந்தக் கைதான் ஏறியது. ஸ்டியரிங்கைக் குத்தினார்.

"நீ கை நீட்டியும் குடுக்கலையா? என்ன பெரிய மனுஷன் அவன்? நான் யாரு வீட்டுக்குக் கார்ப்பெட் போடப் போனாலும், வேலைய வேண்டாம்னு சொல்றவன்கூடக் கை குடுத்துத்தான் அனுப்புவான். மரியாதை தெரியாத ஜென்மம்!"

"திட்டாதீங்கப்பா. போன தடவை ரெண்டு கையாலயும் குடுத்தாரு."

"அப்போ இப்ப என்ன கேடு வந்துச்சு?"

லோர்னாவுக்கு இதையெல்லாம் விளக்கிச் சொல்லும் தெம்பே இல்லை. ஆனாலும் அந்த மனிதரைத் திட்டுவது அவளுக்குப் பிடிக்கவில்லை. ஜன்னலில் தலையைச் சாய்த்துக்கொண்டு சொன்னாள்.

"அவங்க வழக்கமே ஒரு மாதிரிப்பா. பாரிஸ்டருங்க தங்களுக்குள்ள கை குடுத்துக்க மாட்டாங்க. வெளி ஆளுங்களுக்குத்தான்..."

அவள் தலை ஜன்னலைவிட்டு நிமிர்ந்தது.

"வெளி ஆளுங்களுக்குத்தான் என்ன?" என்றார் கிளிஃப்.

 திரும்பிப் பார்த்தார். மகள் தன் வலது கையை மடியில் மல்லாக்க வைத்து அதையே பார்த்துக்கொண்டிருந்தாள், கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டிக்கொண்டிருந்தது. பயந்துபோய் வண்டியை ஓரம் கட்டினார்.

"என்னடா கண்ணு? என்ன ஆச்சு?"

"அந்த வறுவலை இங்க குடுங்கப்பா," என்றாள் லோர்னா. "பசிக்குது."